அன்றாட வாழ்வில் அறவரம்பு

வரம்பு என்பது வயலிலிருந்து வாழ்க்கைக்கு வந்த சொல். பெய்த மழை வீணே ஓடிவிடாமல் நிற்பதற்கும், தன் நிலம் எது, அடுத்தவன் நிலம் எது என்று தெரிவதற்கும் உழவன் மண்ணை வெட்டி உயர்த்துவது வரம்பு. வரம்பு உடைந்த வயலில் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் தங்காது. நீர் தங்காத வயலில் நெல் விளையாது. இவ்வுழவுச் சொல்லையே தமிழர் ஒழுக்கத்திற்கும் எடுத்துக்கொண்டனர். 'அவன் வரம்பு மீறிவிட்டான்' என்றால் சிறு பிள்ளைக்கும் பொருள் விளங்கும்.

ஒழுக்க வரம்பு இரு வகைப்படும். சட்டமும் ஊரும் வகுத்த வரம்பு ஒன்று; ஒருவர் தமக்குத் தாமே வகுத்துக்கொள்ளும் வரம்பு மற்றொன்று. திருடக்கூடாது என்பது முன்னது. பிறர் பணம் தன் பொறுப்பில் இருக்கும்போது, மறுநாளே திருப்பி வைக்கும் எண்ணத்தோடுகூட அதைத் தொடமாட்டேன் என்பது பின்னது. முன்னதை மீறினால் தண்டிக்கக் காவலர் உண்டு. பின்னதை மீறினால் பெரும்பாலும் எவருக்கும் தெரியாது. இவ்விரண்டாம் வகை வரம்பைக் கிறித்தவ சமயம் எவ்வாறு நோக்குகிறது என்பதும், தமிழ்க் கிறித்தவர் வாழ்விலும் பேராக் மாநிலத்து வரலாற்றிலும் அது எவ்வாறு விளங்கிற்று என்பதும் ஈண்டு ஆராயத்தக்கவை.

உள்ளே நகர்ந்த வேலி

கிறித்தவ அறநெறிக்குப் புறவேலியாக நிற்பவை மோசே பெற்ற பத்துக் கட்டளைகள். கொலை, களவு, விபசாரம், பொய்ச்சான்று முதலியவற்றை அவை விலக்குகின்றன. இயேசு பெருமான் தம் மலைப்பொழிவில் இவ்வேலியை அகற்றவில்லை, உள்ளே நகர்த்தினார். கொலைக்கு முன்னே நிற்கும் சினத்தையும், விபசாரத்திற்கு முன்னே நிற்கும் தீய நோக்கையும் அவர் சுட்டினார். ஆணையிட்டுச் சொன்னால்தான் உண்மை என்னும் நிலை வேண்டா. இயல்பாகச் சொல்லும் சொல்லே உண்மையாக இருக்கட்டும் என்றார். வேலி உள்ளே வந்தபோது காவலும் மாறியது. புறவேலிக்குக் காவல் அரசன். அகவேலிக்குக் காவல் மனச்சான்று.

அதே இயேசு வேறு சில எல்லைகளைத் தயங்காமல் கடந்தார் என்பதையும் மறத்தலாகாது. தொழுநோயாளியைத் தொட்டார், ஊரார் வெறுத்த வரி தண்டுவோருடன் அமர்ந்து உண்டார், சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஆதலின் கிறித்தவ நோக்கில் வரம்பு தீய செயலுக்கு உரியது. மனிதரை விலக்கி வைப்பதற்கு உரியதன்று. இவ்வேறுபாட்டை மறந்ததனால் நேர்ந்த இழுக்குகள் தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றிலேயே உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதியைப் பிரித்து எழுப்பப்பட்டிருந்த சுவர் 1910ஆம் ஆண்டளவில் இடிக்கப்பட்டது. அச்சுவர் நின்ற காலமெல்லாம் அதைச் சிலர் ஒழுங்கு என்றே கருதினர். தன் செயலைத் தடுப்பது வரம்பு. பிறரைத் தடுப்பது சுவர்.

முன்னரே வகுத்தல்

தனக்குரிய வரம்பை ஒருவர் எப்பொழுது வகுக்க வேண்டும்? விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் வரும் தானியேல் வரலாறு இதற்கு விடை தருகிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட இளைஞன் தானியேல். அங்கே அவனுக்குப் புதுப்பெயர் சூட்டினர். கல்தேயரின் மொழியையும் நூல்களையும் கற்பித்தனர். அரண்மனைப் பணிக்கு ஆயத்தம் செய்தனர். அவற்றை எல்லாம் அவன் ஏற்றான். அரசனுடைய பந்தியிலிருந்து வரும் உணவையும் மதுவையும் மட்டும் ஏற்பதில்லை என்று உள்ளத்தில் உறுதி செய்துகொண்டான்.

கடல் கடந்து வந்து, பிறர் மொழியும் பிறர் சட்டமும் கற்று வாழ நேர்ந்த தமிழருக்கு இக்கதை தொலைவானதன்று. புதிய நாட்டில் எல்லாவற்றையும் மறுப்பவன் வாழ இயலாது. எதையும் மறுக்காதவன் தானாக இருக்க இயலாது. எதை ஏற்பது, எதை விடுவது என்பதைத் தானியேல் தட்டு முன்னே வந்த பிறகு முடிவு செய்யவில்லை. பசித்த வயிற்றுக்கு முன் சோறு வந்துவிட்டால் வாதம் வலுவிழக்கும்.

அவன் மறுத்த முறையும் நோக்கத்தக்கது. பொறுப்பிலிருந்த அலுவலரை அவன் இகழவில்லை. இளைஞர் மெலிந்து காணப்பட்டால் அரசன் தன்னைத் தண்டிப்பானே என்று அவ்வலுவலர் அஞ்சினார். அவ்வச்சத்தை உணர்ந்து, காய்கறியும் தண்ணீரும் மட்டும் தந்து பத்து நாள் சோதித்துப் பார்க்குமாறு பணிவோடு வேண்டினான். தன் வரம்பைக் காப்பதற்காகப் பிறரை இடரில் தள்ளாமல் வழி தேடினான் என்பதே இதன் கருத்து.

தொழிலுக்குள் ஒரு கோடு

யோர்தான் ஆற்றங்கரையில் திருமுழுக்கு யோவானிடம் வரி தண்டுவோரும் படைவீரரும் வந்து, தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதாக லூக்கா எழுதியுள்ளார். தொழிலை விட்டுவிடுங்கள் என்று யோவான் சொல்லவில்லை. விதித்த வரிக்கு மேல் ஒரு காசும் வாங்காதீர்கள் என்று முன்னவர்க்கும், எவரையும் அச்சுறுத்திப் பறிக்காமல் உங்கள் ஊதியத்தோடு அமையுங்கள் என்று பின்னவர்க்கும் சொன்னார். ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கே உரிய சோதனை உண்டு. அச்சோதனை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோடு வேண்டும்.

தமிழ் இலக்கிய உலகில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889). கத்தோலிக்கக் குடும்பத்தில் தோன்றிய அவர், திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, பின் முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி ஆகிய ஊர்களிலும், மாயூரத்தில் 13 ஆண்டுகளும் அப்பணி புரிந்து 1872இல் ஓய்வு பெற்றார். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்ததால் அவர் பெயர் நிலைத்தது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1859இல், அவர் நீதிநூலை இயற்றி வெளியிட்டார் என்பதே இங்கு முதன்மையான செய்தி.

பொய், களவு, மது, சூது, புறங்கூறல், சோம்பல் என்று பல தீமைகளைத் தனித்தனியே எடுத்துப் பாடும் அந்நூலில் கைக்கூலிக்கும் ஓர் அதிகாரம் உண்டு. முன்சீப் பதவியிலோ கைக்கூலிக்கு ஒவ்வொரு நாளும் வாய்ப்பு உண்டு. நிலவழக்கும் கடன்வழக்கும் கொண்டு வருவோர் வெறுங்கையோடு வர விரும்பாத காலம் அது. அந்நாற்காலியில் அமர்ந்திருப்பவரே கைக்கூலியைக் கண்டித்துத் தம் பெயரோடு நூல் அச்சிட்டு வெளியிட்டால், அது ஊரார் கையில் தாமே கொடுத்த அளவுகோல் ஆகிறது. பிற்காலத்தில் அவர் ஒரு காசு வாங்கியிருந்தாலும் அவருடைய பாட்டையே அவருக்கு எதிராகப் படித்துக் காட்டியிருப்பர். அந்நூல் வெளிவந்த பின்னும் பல ஆண்டுகள் அப்பதவியில் இருந்து, நேர்மையாளர் என்ற பெயரோடே விலகினார்.

அவ்வரம்பு அவரைப் பிறரிடமிருந்து பிரிக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் திருவாவடுதுறை மடத்துச் சுப்பிரமணிய தேசிகரும் அவருடைய நண்பர்கள். எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை அவர் இயற்றினார். 1876 முதல் 1878 வரை வாட்டிய கொடும் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அதைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். பிறர் பொருளை வாங்க மூடியிருந்த கை, தன் பொருளைக் கொடுக்கத் திறந்தே இருந்தது.

எவரும் காணாத இடம்

கோடு வகுத்த பின் அதைக் காப்பது சிறு செயல்களிலேயே நடைபெறுகிறது. பேராக்கின் கிந்தா மாவட்டத்தில், ஈப்போவுக்கு வடக்கே உள்ள செமோர் வட்டாரத்தாருக்கு இதை விளக்க வெளியூர் எடுத்துக்காட்டு வேண்டா. ரப்பர் மரமே போதும். அங்குள்ள தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. ஆனால் பால்மரம் வெட்டியவர்களுடைய அனுபவம் முதியோர் நினைவில் இன்னும் உள்ளது.

விடியுமுன்னே, விளக்கொளியில், தனக்குரிய நிரையில் தனியே நின்று மரம் வெட்டவேண்டும். பால் ஓடும் நுண்குழாய்கள் மிகுதியும் உட்பட்டையில், வளர்படைக்கு மிக அருகில் உள்ளன. கத்தி ஆழப் போனால் அன்றைக்குப் பால் கூடும். மயிரிழை தாண்டினால் வளர்படை அறுபட்டு மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மீண்டும் அங்கே ஒழுங்காக வெட்ட இயலாது. பாலில் தண்ணீர் கலந்தால் அன்றே கண்டுபிடிக்கப் பால் ஸ்டோரில் கருவி இருந்தது. ஆழ வெட்டியதைக் காண்பதற்கோ தண்டல் ஒவ்வொரு மரமாகச் செல்ல வேண்டும். கூடுதல் பாலுக்குக் காசு அன்றைக்கே கிடைத்தது. அதன் கேடு சில ஆண்டுகள் கழித்து, அதே நிரையில் புதுப்பட்டை வெட்ட வந்தவரைச் சேர்ந்தது. எவரும் காணாத இருளில் கத்தியை மயிரிழையில் நிறுத்திய கைகளே அத்தோட்டங்களை வாழவைத்தன.

அன்றாட ஒழுக்கமும் இவ்வாறே. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொருளாளர் கையில் விழாப் பணம் இருக்கிறது. வீட்டில் அவசரச் செலவு வருகிறது. 'திங்கட்கிழமை வைத்துவிடலாம்' என்று எடுக்கிறார், வைத்தும் விடுகிறார். எவருக்கும் இழப்பில்லை. ஆயினும் அடுத்த முறை கை தயங்குவதில்லை. உடல் நலத்தோடு இருக்கும்போது மருத்துவ விடுப்புச் சான்று வாங்குவதும், வராத மாணவனை வந்ததாகக் குறிப்பதும், காணாத ஒன்றை உண்மை என்று கைப்பேசியில் பத்துப் பேருக்கு அனுப்புவதும் இவ்வகையினவே. செபக்கூட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. ஒருவருக்காக வேண்டிக்கொள்வோம் என்று தொடங்கி, அவர் குடும்பத்து மறைசெய்தி முழுவதையும் அவிழ்த்து வைப்பது வேண்டுதலாகாது, புறங்கூறலே.

பிறர் பொருட்டு வகுக்கும் வரம்பு

தனக்குத் தீங்கில்லாத ஒன்றையும் பிறர் பொருட்டு விடுவது உண்டு. கொரிந்து நகரில், கோயில்களில் பலியிட்ட விலங்கின் இறைச்சி சந்தையில் விற்கப்பட்டது. அதைக் கிறித்தவர் உண்ணலாமா என்ற வினா எழுந்தது. தூய பவுல் தந்த விடை நுட்பமானது. உணவு தன்னளவில் ஒருவரைத் தீட்டுப்படுத்தாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். எனினும் தான் உண்பதைக் கண்டு, உறுதியற்ற உடன்பிறப்பு ஒருவர் தம் மனச்சான்றுக்கு மாறாக நடந்து இடறுவாராயின், அவ்விறைச்சியை என்றுமே உண்பதில்லை என்றார். உரிமை உண்டு என்பது வேறு. அதைப் பயன்படுத்துவது நன்று என்பது வேறு.

மலாயாத் தோட்டங்களில் இவ்வினா கள்ளின் வடிவில் வந்தது. தோட்டத்திற்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளில் வீட்டுக்குப் போகும் வழி அதனைக் கடந்தே சென்றது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் இயங்கிய தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் நடத்தியது. அவ்வியக்கங்கள் எச்சமயத்தையும் சார்ந்தவை அல்ல. நல்ல வரம்பு எந்த ஒரு சமயத்தின் தனியுடைமையும் அன்று.

கிறித்தவர்க்குள்ளேயே இதில் இரு நிலை உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை திருப்பலியில் திராட்சை இரசத்தைப் பயன்படுத்துகிறது. அளவோடு அருந்துவதை அது பாவம் என்று சொல்வதில்லை. மெதடிஸ்ட் மரபோ மதுவை முற்றும் விலக்குவதை வற்புறுத்தி வந்தது. இவ்விரண்டில் ஒன்றைக் கொண்டவர் மற்றவரைத் தீர்ப்பிடலாகாது என்பதே பவுல் உரோமையர்க்கு எழுதிய மடலின் கருத்து. ஆயினும் பக்கத்து வீட்டில் குடியால் ஒரு குடும்பம் அழியும்போது, 'எனக்கு அளவு தெரியும்' என்று வாசலில் அமர்ந்து குடிப்பவர் தம் அளவை மட்டுமே அறிந்தவர். அயலார் அளவை அறியாதவர்.

வரம்பின் விலை

வரம்பைக் காப்பதற்கு விலை உண்டு. அவ்விலையின் உச்சத்தைக் கண்ட நிலம் பேராக். ஈப்போவில் தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் விளங்கிய சிபில் கார்த்திகேசு அம்மையார் (1899-1948) யூரேசியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இலங்கைத் தமிழ் மரபினரான மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசுவை 1919இல் மணந்தவர். இருவரும் 1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் மருத்துவமனை நடத்தினர். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வந்தபோது, ஈப்போவுக்குத் தென்மேற்கே உள்ள பாப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். கன்டனீஸ் மொழியில் தடையின்றிப் பேசிய அம்மையாரிடம் சுற்றுவட்டாரச் சீனரும் பிறரும் திரண்டு வந்தனர்.

வாசலுக்கு வரும் நோயாளியை இனம் கேட்டுத் திருப்புவதில்லை என்பது அவர்கள் பல்லாண்டுகளாகக் காத்துவந்த தொழில் வழக்கம். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் இருந்த போராளிகள் காயத்தோடு இரவில் பின்வாசலுக்கு வந்தபோதும் அவ்வழக்கம் மாறவில்லை. 1943இல் கணவரும் மனைவியும் பிடிபட்டனர். கெம்பெத்தாய் என்னும் இராணுவக் காவலர் அம்மையாரைக் கொடுமையாகச் சித்திரவதை செய்தனர். அவருடைய சிறுமகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டி அச்சுறுத்தினர். குழந்தை உயிர் தப்பினாள். உதவியவர்களையும் உதவி பெற்றவர்களையும் அம்மையார் காட்டிக்கொடுக்கவில்லை. 1945இல் விடுதலை பெற்றபோது அவரால் நடக்க இயலவில்லை. மருத்துவத்திற்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூன் 12இல் அங்கேயே காலமானார். ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட உடல் 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டுக் கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் நல்லடக்கம் செய்யப்பட்டது. அவருடைய நினைவு நூல் 1954இல் வெளியாயிற்று.

இவ்வரலாறு இரண்டு கடினமான வினாக்களை எழுப்புகிறது. உண்மையே பேச வேண்டும் என்ற வரம்பு உடையவர், கொடியவரிடம் உண்மையை மறைக்கலாமா? எந்தப் பொய்யும் பாவமே என்று தூய அகுஸ்தீன் கொண்டார். ஆயின் யாத்திராகமத்தில், பிறக்கும் எபிரேய ஆண்குழந்தைகளைக் கொல்லுமாறு பார்வோன் இட்ட ஆணையைச் சிப்பிரா, பூவா என்னும் மருத்துவிச்சியர் இருவர் நிறைவேற்றவில்லை. கேட்டபோது வேறு காரணம் சொல்லித் தப்பினர். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றே அந்நூல் கூறுகிறது. குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மைக்குரிய இடத்தைப் பெறும் என்ற வள்ளுவர் கருத்து தமிழாசிரியர் அறிந்ததே. பிறர் உயிரைக் காப்பதற்கும் தன் நலத்தைக் காப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கு அளவுகோல். இதைத் தன் சிறு பொய்களுக்குச் சான்றாகக் காட்டுபவர், தம் பொய்யால் காப்பாற்றப்பட்டவர் யார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வினா இன்னும் கடினமானது. ஒருவர் வகுத்த வரம்பின் விலையை அவர் பிள்ளை கொடுக்கலாமா? இதற்கு எளிய விடை எந்த இறைநூலிலும் இல்லை. அம்மையார் வெளியிட மறுத்த ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் மற்றொரு வீடும் மற்றொரு பிள்ளையும் இருந்தன என்பதை மட்டும் சொல்லலாம். அன்றாட வாழ்விலும் இது சிறிய அளவில் நிகழ்கிறது. கைக்கூலி வாங்காத எழுத்தரின் பிள்ளைக்குப் புதுச்சட்டை தள்ளிப்போகிறது. ஆதலின் வரம்பு வகுப்பவர் அதைத் தம் வீட்டாரிடம் சொல்லி, காரணத்தையும் விளக்குதல் கடமை. காரணம் தெரியாத பிள்ளைக்கு அது வறுமையாகவே தோன்றும். தெரிந்த பிள்ளைக்கு அதுவே குடும்பத்தின் பெருமையாகும்.

மீறியவர்க்கும் வழி உண்டு

வரம்பு மீறாதவர் உலகில் அரியர். எரிகோ நகரத்துச் சகேயு வரி தண்டுவோர் தலைவன். அநியாயமாகச் சேர்த்த பொருள் அவனிடம் இருந்தது. இயேசு அவன் வீட்டில் தங்கியபோது, உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் அவன் சொன்னான். வருந்துகிறேன் என்பதோடு நில்லாமல் கணக்குப் பார்த்ததே அவன் மனமாற்றத்தின் மெய்ம்மை. உடைந்த வரப்பை எண்ணி அழுவதனால் நீர் நிற்காது. மண் வெட்டி வைக்க வேண்டும்.

ஆசிரியர்க்கு இப்பொருளில் தனிப்பொறுப்பு உண்டு. நீதிபோதனை ஏட்டிலிருந்து மாணவர் கற்பது சிறிது. மதிப்பெண்ணைக் கூட்டித் தருமாறு செல்வாக்குள்ள தந்தை கேட்கும்போது ஆசிரியர் முகம் எப்படி இருக்கிறது, தம் கூட்டலில் ஏற்பட்ட பிழையை ஏழை மாணவன் சுட்டினால் நன்றி சொல்லித் திருத்துகிறாரா, இல்லாத ஆசிரியரைப் பற்றி மற்றவர் பேசும்போது அவர் என்ன செய்கிறார் என்பவற்றையே அவர்கள் உற்றுநோக்குகின்றனர். ஆண்டுத் தொடக்கத்தில் பாடத்திட்டம் எழுதும் ஆசிரியர், தாம் செய்யமாட்டாத செயல்கள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்ல தொடக்கமாகும். பட்டியல் நீளமாக வேண்டியதில்லை. சோதனை வராத அமைதியான நாளில் அதை எழுதிவிட வேண்டும். வந்த நாளில் எழுத நேரம் இராது.